காந்தல் கம்பியா, கடைக் காயிலா? வேப் டாங்க் வாங்குமுன் ஒரு கணக்கு

போன மாதம் லெஸ்டரில் இருக்கும் மச்சினன் வாட்ஸாப்பில் மூன்று படம் அனுப்பினான். மூன்றும் வேப் டாங்க், அதாவது மின் சிகரெட்டில் லிக்விட்டை நிரப்பும் குப்பி. அதற்குள் காயில் என்ற கம்பிச் சுருள் சூடேறி லிக்விட்டை ஆவியாக்கும். ஒன்று விரல் நீளத்தில் ஒல்லியான டாங்க். இரண்டாவது பம்பரம் மாதிரி கொழுத்தது, வண்ணக் கண்ணாடி போட்டது. மூன்றாவதைப் பிரித்துப் பரப்பிப் படம் எடுத்திருந்தார்கள். திருகாணி, வளையம், கண்ணாடிக் குழாய் என்று பத்துப் பதினைந்து துண்டுகள், கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் மேசை மாதிரி. கீழே ஒரு வரி: "அத்தான், எதை வாங்கட்டும்? மூணாவதுதான் காசு மிச்சமாமே?"

அன்று ராத்திரி முக்கால் மணி நேரம் போனில் பேசினோம். பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் இரண்டு விஷயம். சிகரெட் பிடித்துக்கொண்டிருந்து, அதை விடுவதற்காக வேப்புக்கு வந்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. புகைக்காதவருக்கு இதில் எந்த டாங்கும் நல்ல டாங்க் இல்லை. நிகோடின் ஒருமுறை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. இரண்டாவது, நான் இருப்பது பிரிட்டனில். இங்கே 18 வயது ஆனவர் கடையில் போய் வாங்கலாம். இந்தியாவில் 2019 முதல் மின் சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, சேமித்துவைப்பது எல்லாமே தடை. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ டிக்கெட் போட்டிருந்தால் டாங்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

சரி, மச்சினன் கதைக்கு வருவோம். காலேஜ் நாளிலிருந்து சிகரெட். இங்கே வந்த பிறகு விலையைப் பார்த்துச் சுருட்டுகிற புகையிலைக்கு மாறினான். அப்புறம் கடையில் தொங்கும் கலர் கலரான, தீர்ந்ததும் தூக்கிப் போடும் வேப். 2025 ஜூன் 1 முதல் அந்த வகையை விற்கவே கூடாது என்று பிரிட்டன் முழுக்கத் தடை வந்ததும் ஒரு பாட் (லிக்விட் குப்பியைச் செருகிக்கொள்கிற சின்ன வேப்) வாங்கினான். பாட் தப்பில்லை. சட்டைப் பையில் அடங்கும், பிள்ளை கையில் கொடுத்தாலும் மாட்டிவிடும். (கொடுக்காதீர்கள், நிகோடின் லிக்விட் பிள்ளைகளுக்கு விஷம்.) ஆனால் பல பாட்களில் காயிலோடு அந்தக் குப்பியையே தூக்கிப் போட வேண்டியிருக்கும். பேட்டரியும் சின்னது. அது அலுத்துப்போய்த்தான் டாங்க் பக்கம் வந்திருக்கிறான்.

முதலில் இழுப்பு

டாங்க் வாங்கப் போகிறவர்கள் எந்தக் கம்பெனி நல்லது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் எப்படி இழுக்கிறவர் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சிகரெட்டையோ பீடியையோ இழுக்கும்போது புகை முதலில் வாயில் வந்து நிற்கும். அப்புறம் ஒரு மூச்சில் உள்ளே இறங்கும். ஹூக்கா இழுக்கிறவர் அப்படிச் செய்வதில்லை, சாதாரணமாக மூச்சு வாங்குகிற மாதிரி நேரே நெஞ்சுக்குள் இழுத்துக்கொள்வார். வேப் கடையில் முதலாவதை எம்டிஎல் என்பார்கள், இரண்டாவதை டிஎல் என்பார்கள். ஒரே ஆள் இரண்டையும் செய்யலாம். ஒரே டாங்க் இரண்டையும் ஒழுங்காகச் செய்வது அபூர்வம்.

எம்டிஎல் டாங்கில் காற்றுத் துளை ஊசி நுழைகிற அளவுதான். உறிஞ்சுகுழலில் கெட்டியான மோர் குடிக்கிற மாதிரி ஒரு பிடிப்பு இருக்கும். காயிலின் மின்தடை 1 ஓமுக்குக் கொஞ்சம் முன்பின், 10 முதல் 15 வாட் போதும். லிக்விட் பாதிக்குப் பாதி பிஜி (புரோப்பிலீன் கிளைக்கால், நீர்த்தது), விஜி (தாவர கிளிசரின், கெட்டியானது) கலந்தது. நிகோடின் ஒரு மில்லிக்கு 12, 18 மில்லிகிராம் என்று போகலாம். இங்கே சட்டப்படி உச்சம் 20. டிஎல் டாங்கில் சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவுக்குக் காற்று வழி. காயில் அரை ஓமுக்கும் கீழே, 40 முதல் 80 வாட், விஜி 70 சதவீதம் உள்ள கெட்டி லிக்விட். அத்தனை ஆவி உள்ளே போவதால் நிகோடின் 3 மில்லிகிராம் போதும். தெரியாமல் 20 மில்லிகிராம் நிகோடின் சால்ட்டை டிஎல் டாங்கில் ஊற்றி இழுத்தவர் இரண்டாவது இழுப்பிலேயே உட்கார்ந்துவிடுவார். தலை சுற்றும், குமட்டும்.

மச்சினன் வாயில் நிறுத்தி இழுக்கிறவன். சுருட்டுகிற புகையிலைப் பழக்கம். அப்படியென்றால் இரண்டாவது படத்தில் இருந்த பம்பர டாங்க் அங்கேயே கழிந்துவிட்டது. ஆனாலும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. "அதுலதான் அத்தான் டேஸ்ட் நல்லா வருமாம்." வரும்தான். மெஷ் காயில் என்று சல்லடை மாதிரித் துளை போட்ட தகட்டை வைக்கிறார்கள். கம்பியைவிடப் பரப்பு அதிகம், சூடு ஒரே சீராகப் பரவும், ருசி அள்ளிக்கொண்டு வரும். ஆனால் அதற்குத் தீனி?

டிஎல் இழுக்கிற நண்பர் ஒருவர் நாளைக்கு 10 மில்லி ஊற்றுகிறார். நான் எம்டிஎல், 3 மில்லியோடு நிற்கிறேன். பிரிட்டனில் டாங்க் 2 மில்லிக்கு மேல் கொள்ளக்கூடாது, நிகோடின் உள்ள பாட்டில் 10 மில்லிக்கு மேல் கூடாது. புகையிலைச் சட்டங்களோடு 2016, 2017-இல் வந்த கட்டுப்பாடு இது. ஆக நண்பருக்கு ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் டாங்க் காலி. எதற்கெடுத்தாலும் பாட்டிலைத் திறந்தபடி நிற்பார்.

இதோடு 2026 அக்டோபர் 1 முதல் லிக்விட்டுக்கு வரி அறிவித்திருக்கிறார்கள். 10 மில்லிக்கு 2.20 பவுண்ட், நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வரி. மாதம் 90 மில்லி இழுக்கிறவனுக்கு 19.80 பவுண்ட். மாதம் 300 மில்லி இழுக்கிறவருக்கு 66 பவுண்ட். இது வரி மட்டும். இதன்மேல் மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதம், லிக்விட்டின் விலை தனி.

காயிலில் காசு மிச்சம் பிடிப்பதைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் நான் முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். கடுகு போன இடம் ஆராய்கிறோம், பூசணிக்காய் போன இடம் ஆராய்வதில்லை.

கடைக் காயில் போடும் டாங்க்

முதல் படத்தில் இருந்தது இந்த வகை. கம்பியும் பஞ்சும் ஒரு சின்ன உலோகக் கூட்டுக்குள் அடைத்துத் தயாராக வரும். பழசைக் கழற்றிப் புதுசை மாட்டினால் ஆயிற்று. எம்டிஎல் ஆட்கள் கேட்டால் நான் சொல்லும் பெயர்கள் இரண்டு: ஆஸ்பயரின் நாட்டிலஸ் வரிசை, இன்னோக்கினின் ஜெனித். நாட்டிலஸ் 2013-இல் வந்தது. அதற்கான 1.6, 1.8 ஓம் காயில்கள் அதன்பின் வந்த பல டாங்குகளிலும் பொருந்துகின்றன. ஜெனித்தை வடிவமைத்ததில் ஃபில் புசார்டோவுக்கும் டிமிட்ரிஸ் அக்ரஃபியோட்டிஸுக்கும் பங்குண்டு. இருவருமே வருடக்கணக்காக டாங்குகளைப் பிரித்து மேய்ந்து வீடியோ போட்டவர்கள். குறை சொல்கிறவர்களையே கூப்பிட்டுச் செய்யச் சொன்னால் நல்ல சாமான் வரத்தானே செய்யும்.

இந்த வகையில் பார்க்க வேண்டியது டாங்கை அல்ல, காயிலை. நீங்கள் இருக்கும் ஊரில், உங்கள் தெருமுனைக் கடையில், அந்தக் காயில் கிடைக்கிறதா? இரண்டு வருடம் கழித்தும் கிடைக்குமா? அழகான டாங்க் ஒன்றை ஆசையாக வாங்கி, ஆறே மாதத்தில் அதற்குக் காயில் வருவது நின்றுபோய், அது இப்போது என் மேசையில் பேனா நிற்க வைக்கப் பயன்படுகிறது.

காயில் எத்தனை நாள் வரும் என்பது லிக்விட்டைப் பொறுத்தது. புதினா, புகையிலை வகை தெளிந்த லிக்விட்டென்றால் எனக்குப் பத்திலிருந்து பதினான்கு நாள். கஸ்டர்ட், டோநட் என்று இனிப்பு போட்டதென்றால் ஐந்தாவது நாளே நிறம் கறுத்துவிடும். அதில் சேர்க்கும் சுக்ரலோஸ் கம்பியில் பாகு பிடித்து அடையாகும். கேசரி கிளறின சட்டியின் அடியைப் பார்த்திருப்பீர்கள், அதேதான்.

புதுக் காயிலை மாட்டினதும் இழுத்துவிடாதீர்கள். பக்கவாட்டில் பஞ்சு தெரிகிற துளைகளில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, டாங்க்கை நிரப்பி, பத்து நிமிஷம் சும்மா வையுங்கள். ஒருமுறை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அதைச் செய்யாமல் இழுத்தேன். அடிப்பிடித்த பாலைத் தொண்டையில் ஊற்றின மாதிரி. அந்தக் காயில் அதோடு முடிந்தது. பஞ்சு ஒருமுறை கருகினால் எத்தனை லிக்விட் ஊற்றினாலும் அந்த வாடை போகாது.

இந்தத் தயார் காயிலையே பிரித்து நாமே கம்பி சுற்றிப் போட்டுக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். முன்பு செய்திருக்கிறார்கள். கேங்கர் புரோடாங்க் என்ற பழைய டாங்க் காலத்துக் காயில் கூடுகள் எளிமையானவை. ஒரு திரி, ஒரு சுருள், அடியில் ஒரு ரப்பர், நடுவில் ஒரு ஊசி, அவ்வளவுதான். இப்போது வரும் கூடுகள் அழுத்தி மூடியவை, மெஷ் தகடு வேறு. ஒரு மழைநாள் மாலையில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மூடினபோது ஓம் ஒவ்வொரு தடவைக்கு ஒன்று காட்டியது, குப்பையில் போட்டேன். சுற்றத்தான் ஆசையென்றால் சுற்றுவதற்கென்றே செய்த டாங்க்கை வாங்குங்கள்.

நாமே சுற்றும் டாங்க்

மச்சினனின் மூன்றாவது படம். இதை ஆர்டிஏ என்பார்கள். கண்ணாடிக் குழாய், நிரப்பும் மூடி எல்லாம் மற்ற டாங்க் மாதிரிதான். காயில் கூடு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சின்ன மேடை, அதில் கம்பியைப் பிடிக்கத் திருகாணி, பஞ்சு இறங்க இரண்டு வாய்க்கால்.

மதுரையில் விடுதியில் இருந்தபோது அறைக்கு ஒரு காயில் அடுப்பு ஒளித்து வைத்திருப்போம். மண் தட்டில் வாய்க்கால் வெட்டி, ஸ்பிரிங் மாதிரிக் கம்பி பதித்தது. கம்பி அறுந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு முனையையும் முறுக்கி விட்டால் மறுபடி மேகி வேகும். ஆர்டிஏவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அடுப்புதான் ஞாபகம் வரும். அதில் இருந்த நிக்ரோமும் இதில் போடுகிற நிக்ரோமும் ஒரே ஜாதி: நிக்கல் 80, குரோமியம் 20.

இன்னொரு கம்பி காந்தல். பெயரே காந்தல்தான், நான் தமிழாக்கவில்லை. சுவீடனில் ஹால்ஸ்டஹாம்மர் என்ற ஊரில் ஹான்ஸ் ஃபான் காண்ட்ஸோ என்பவர் உருவாக்கிய இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவை, அவர் பெயரை ஒட்டியே கம்பிக்கும் பெயர். சூளை, ஹீட்டர், ரொட்டி சுடும் பெட்டி என்று எதில் பார்த்தாலும் இருக்கும். நம் பாஷையில் பஞ்சு காய்ந்து வருகிற தீய்ந்த ருசிக்கும் அதே பெயர் அமைந்தது சுவீடன்காரர் அறியாத வேடிக்கை.

ஆரம்பிக்கிறவருக்கு நான் காந்தல்தான் சொல்வேன். விலை குறைவு, விறைப்பாக நிற்கும், சுற்றினது சுற்றின இடத்தில் இருக்கும், நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கும் தொந்தரவில்லை. நிக்ரோம் சீக்கிரம் சூடேறும், ஆனால் ஓம் குறையும். தனி நிக்கல், டைட்டானியம் கம்பிகளும் கடையில் தொங்கும். அவை வெப்பக் கட்டுப்பாடு உள்ள சாதனத்துக்கு மட்டும். அவற்றைச் சிவக்கச் சிவக்கச் சூடேற்றவே கூடாது. முதல் வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

என்னுடைய வழக்கமான சுருள் இது: 28 கேஜ் காந்தல், 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள தண்டின் மேல் 6 சுற்று. 28 கேஜ் என்றால் கம்பியின் தடிமன் 0.32 மி.மீ. மீட்டருக்கு ஏறக்குறைய 18 ஓம். ஒரு சுற்றுக்கு 9 மி.மீ. போகும், ஆறு சுற்றுக்கு 54. இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரு 8. ஆக 62 மி.மீ., அதாவது 1.1 ஓம். 12, 13 வாட்டில் அருமையாக ஓடும். இதையே நிக்ரோமில் சுற்றினால் 0.8 ஓம் சுமார் வரும். கணக்கு இவ்வளவுதான். இதற்கென்று செயலிகள் இருக்கின்றன, ஆனாலும் ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால் பிறகு எங்கே தப்பு வந்தது என்று பிடிபடும்.

சுற்றினதை மேடையில் வைத்து, காலைத் திருகாணிக்கடியில் செலுத்தி, முறுக்கி, மிச்சத்தை ஒட்ட வெட்ட வேண்டும். வெட்டாமல் விட்ட முனை சுவரைத் தொட்டால் ஷார்ட். பஞ்சு போடுமுன் குறைந்த வாட்டில் பட்டனை விட்டு விட்டு அழுத்திப் பாருங்கள். சுருள் நடுவில் முதலில் சிவந்து ஓரத்துக்குப் பரவினால் சரி. ஓரத்தில் ஒரு கால் மட்டும் பளிச்சென்று எரிந்தால் அங்கே திருகாணி தளர்வு, அல்லது சுற்றுகளுக்கிடையே இடைவெளி. செராமிக் இடுக்கியால் மெல்ல வருடி நெருக்கிவிட்டு மறுபடி பாருங்கள். இரும்பு இடுக்கியால் அழுத்திப் பிடித்தபடி பட்டனைத் தொடாதீர்கள்.

எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் பஞ்சு. கம்பி சுற்றுவது ஒரு மாலையில் வந்துவிடும். திரி போட வருவதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. திரி என்றே சொல்லலாம், வேலை அதேதான். கார்த்திகைக்கு அகலில் போடப் பஞ்சைத் தொடையில் உருட்டித் திரிக்கிற அம்மாவைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இறுக்கித் திரித்தால் எண்ணெய் ஏறாமல் நுனி கருகும். தளர்த்தி விட்டால் எண்ணெய் மேலே வழியும்.

ஒரு துண்டு பஞ்சை எடுத்து, ஒரு முனையை முறுக்கி, சுருளுக்குள் நுழையுங்கள். இழுக்கும்போது முழுக்கைச் சட்டையில் கை நுழைகிற மாதிரி லேசாக உரச வேண்டும். சின்ன வளையலை மாட்டுகிற மாதிரி இறுகக்கூடாது, சுருள் இடம் நகரக்கூடாது. இரண்டு பக்கமும் மேடையின் விளிம்போடு வெட்டி, நுனியை ஊசியால் சீவி விடுங்கள். கொண்டை முடியைக் கோதி விடுகிற மாதிரி. பிறகு அந்த வாலை வாய்க்காலின் வாயில் வையுங்கள். வாயை மூட வேண்டும், அடைக்கக்கூடாது. நான் ஆரம்பத்தில் கசிவுக்குப் பயந்து திணித்தேன், காந்தல். காந்தலுக்குப் பயந்து குறைத்தேன், லண்டன் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் சட்டைப் பை முழுக்க வெனிலா. அந்த டாங்க் அடியில் காற்றுத் துளை உள்ளது. பெயர் வேண்டாம், பாதித் தப்பு என் கையில்.

அதனால்தான் புதிதாக வாங்குகிறவர்களிடம் காற்றுத் துளை எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். கீக்வேப் ஜியூஸ் எக்ஸ் மாதிரி மேலிருந்து காற்று இறங்குகிற டாங்குகளில் திரி கொஞ்சம் முன்பின் இருந்தாலும் லிக்விட் மேசைக்கு வராது. ஆனால் ஜியூஸ் டிஎல் ஆட்களுக்கு. எம்டிஎல் ஆர்டிஏக்களில் பெரும்பாலும் காற்று அடியிலிருந்துதான் வரும், ருசிக்கு அதுவே நல்லதும்கூட. அவற்றை நிரப்பும்போது காற்றுத் துளையை மூடி, நிரப்பி, மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டு துளையைத் திறங்கள். உள்ளே அமுங்கிய காற்று லிக்விட்டைத் தள்ளாமல் வெளியேறும். இந்த ஒரு பழக்கம் பாதிக் கசிவை நிறுத்திவிடும்.

எம்டிஎல் ஆர்டிஏவில் இன்னோக்கின் ஏரஸ், வேண்டி வேப்பின் பெர்செர்க்கர் இரண்டும் கைக்கெட்டும் விலை, மேடையும் சிக்கலில்லாதது. டிவார்வ், ஜெர்மனியின் கைஃபுன் எல்லாம் ரசிகர்களுக்கு. கைஃபுன் நூறு பவுண்டைத் தாண்டும். நண்பருடையதை ஒரு வாரம் வைத்திருந்தேன். இழை இழையாகத் திருகும் மூடி, காற்றின் மென்மை, எல்லாம் உண்மைதான். ருசியில் என் டாங்க்கைவிட மூன்று மடங்கு உசத்தியா என்றால் என் நாக்குக்கு இல்லை. இரட்டைச் சுருள் மேடையை முதலில் எடுக்காதீர்கள். இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருக்க வேண்டும், ஒன்று பிந்தினால் மற்றது தனியாகக் கொதிக்கும். ஒரு சுருளையே ஒழுங்காக வைக்கத் தெரியாதபோது இரண்டு எதற்கு?

வாங்குமுன் திருகாணியின் தலையையும் பாருங்கள். சின்னதாக, மெத்தென்ற உலோகத்தில் இருந்தால் நாலாவது மாதம் தேய்ந்து ஸ்க்ரூ டிரைவர் வழுக்கும். பெட்டியில் உதிரித் திருகாணியும் ஓ-ரிங்கும் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு கண்ணாடியும் கூடுதலாக இருந்தால் நல்லது. கண்ணாடி உடையும், உடையாமல் இருந்ததில்லை.

ஓமும் பேட்டரியும்

கடைக் காயிலில் ஓம் கூட்டின் மேலேயே எழுதியிருக்கும், இத்தனை வாட்டுக்குள் வை என்றும் எழுதியிருக்கும். நாமே சுற்றும்போது அந்தப் பொறுப்பு நம் தலையில். மாட்டினதும் ஓம் பார்க்காமல் பட்டனை அழுத்தக்கூடாது. 1.1 வர வேண்டிய இடத்தில் 0.3 காட்டினால் எங்கோ தொடுகிறது.

ஓம் குறையக் குறைய பேட்டரியிலிருந்து இழுபடும் மின்சாரம் கூடும். வேப்பில் போடும் 18650 என்ற உருளைப் பேட்டரி சார்ஜ் நிறைந்தால் 4.2 வோல்ட். அதைக் கட்டுப்பாட்டுப் பலகை எதுவும் இல்லாத மெக்கானிக்கல் மாடில் (மாட் என்றால் டாங்க்கை மாட்டுகிற பேட்டரிப் பெட்டி) 0.25 ஓம் சுருளோடு சேர்த்தால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். சாம்சங் 25ஆர் போன்ற நல்ல பேட்டரியின் எல்லையே 20. பெயர் தெரியாத மலிவு பேட்டரியின் உறையில் 35, 40 என்று போட்டிருப்பதை நம்பி இதைச் செய்தவர்களுக்குச் சுட்டிருக்கிறது. ஷார்ட்டைக் கண்டதும் நிறுத்துகிற மின்னணுப் பலகை உள்ள மாடையே வாங்குங்கள். மெக்கானிக்கல் மாடு அழகுதான், தெரு மாடும் அழகுதான், கொம்பு இருக்கிறது.

பேட்டரியின் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால் அதைப் பயன்படுத்தக்கூடாது. சாவி, சில்லறையோடு பையில் போடக்கூடாது, டப்பாவில் வையுங்கள். விமானத்தில் கைப்பையில் மட்டும்.

காசு

நான் வாங்கும் கடையில் எம்டிஎல் காயில் ஐந்து கொண்ட பெட்டி 12 பவுண்ட். மாதம் மூன்று போகும், வருடத்துக்கு 85 பவுண்ட் சுமார். ஆர்டிஏ பக்கம் டாங்க் 30, கம்பி சுற்றும் சாமான் பெட்டி 12, பத்து மீட்டர் காந்தல் 4, பஞ்சு 4. பத்து மீட்டரில் வீணாவது போக எண்பது சுருளாவது வரும். பஞ்சை வாரம் ஒருமுறை மாற்றினாலும் கம்பியை நீக்காமல், பஞ்சை மட்டும் எடுத்துவிட்டு லேசாகச் சிவக்க வைத்து, ஆறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்தால் இரண்டு மாதம் ஓடும். ஆக முதல் வருடம் 35 பவுண்ட் மிச்சம், அடுத்த வருடத்திலிருந்து 75. பொய்யில்லை. ஆனால் வாரம் அரை மணி நேரம் மேசையில் உட்கார வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு. எனக்கு அது பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்குப் பிறகு அதைச் செய்யாவிட்டால் வாரம் தொடங்கின மாதிரியே இல்லை. பிடிக்காதவருக்கு அந்த 75 பவுண்ட் கூலி கம்மி.

ஆர்டிஏ வாங்கினவர்களில் பலர் மிச்சம் பிடிப்பதும் இல்லை. ஒரு டாங்க் வாங்கிய கை சும்மா இருக்காது. அலமாரியைத் திறந்தால் ஏழு இருக்கிறது. என் வீட்டில் ஏழு, மனைவிக்குத் தெரிந்தது நாலு.

மச்சினனுக்கு வேர்ஹவுஸில் இரவு ஷிப்ட். நடுவில் அரை மணி இடைவேளை, அதில் சாப்பாடும் போனும் போக இரண்டு நிமிஷம் வெளியே நின்று இழுப்பான். அந்த நேரத்தில் திரி காய்ந்து காந்தல் அடித்தால் எதிரே பெட்ரோல் பங்க்கில் சிகரெட் விற்கிறது. அவன் திரும்பப் போகக்கூடாத இடம் அது ஒன்றுதான். அதனால் ஜெனித்தும் 0.8 ஓம் காயில் இரண்டு பெட்டியும் வாங்கச் சொன்னேன். ஒரு காயிலை எப்போதும் பர்ஸில் வைத்திருக்கவும் சொன்னேன். வாங்கிவிட்டான். 14 வாட்டில் வைத்திருக்கிறானாம், புகையிலை ருசி லிக்விட், 12 மில்லிகிராம்.

மூணாவது படத்தை மட்டும் இன்னும் அழிக்கவில்லையாம். கிறிஸ்மஸ் லீவுக்கு இங்கே வருகிறான். என் பழைய ஏரஸ் ஒன்றைக் கழுவி வைத்திருக்கிறேன், 28 கேஜில் ஒரு சுருள் கம்பியும் ஒரு பை பஞ்சும் இருக்கிறது. மேசையில் உட்கார வைத்து, மூன்று தடவை திரி போடச் சொல்லப் போகிறேன். மூன்றாவது தடவை என்னைத் திட்டாமல் எழுந்தால் அந்த ஏரஸ் அவனுக்கு.